பெயர் பொறித்த இரண்டு கிண்ணங்கள்

கோகிலவாணிக்கு அருவருப்பே கிடையாது என்று பாலக்கோட்டில் அவள் தெருவில் சொல்வார்கள். அது தப்பு. அவளுக்கு நாளெல்லாம் அருவருப்புதான். ஆனால் மற்றவர்கள் மூக்கைப் பொத்துகிற இடத்தில் அவளுக்கு அது வராது. மற்றவர்கள் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிற இடத்தில் வரும்.

பதினாறு வருடம் ஒரு தனியார் பிரசவ ஆஸ்பத்திரியில் வார்டு வேலை பார்த்தவள். நஞ்சுக்கொடியை வாளியில் தூக்கிப் போயிருக்கிறாள். ரத்தத் துணி, பிள்ளையின் கறுப்பு மலம், தாயின் வாந்தி, எல்லாம் அவள் கைவழியே போனவை. உடம்பிலிருந்து வருவது எதுவானாலும் தண்ணீரும் சோப்பும் போட்டால் போய்விடும். பிரசவம் முடிந்து நடுங்கிக்கொண்டு கிடக்கிறவளின் காலடியில் நின்று, "மூணாவதும் பொட்டையா?" என்று கேட்கிற வாயை எந்த சோப்பு போட்டுக் கழுவுவது? அந்த நாற்றம்தான் அவளோடு வீடு வரைக்கும் வரும்.

நாற்பத்திரண்டாவது வயதில், கனத்த ஒருத்தியைக் கட்டிலுக்கு மாற்றும்போது இடுப்பில் நரம்பு பிசகியது. ஒரு குடத்துக்கு மேல் எதையும் தூக்கக் கூடாது என்றார் டாக்டர். ஆறு மாதம் பலகையில் மல்லாந்து கிடந்தாள். வீட்டுக்காரர் குமார் மார்க்கெட்டில் தக்காளி ஏற்றும் வண்டி ஓட்டுகிறவர். விடியுமுன் போனால் மதியம் வருவார். அவளுக்குத் துணை போன்தான்.

அந்தப் போனில்தான் அவள் அந்த உலகத்தைப் பார்த்தாள். அங்கங்கே சமையலறை மேடையிலும் மாடிப்படி அடியிலும் உட்கார்ந்து பெண்கள் கையால் எதையாவது செய்து விற்றுக்கொண்டிருந்தார்கள். சுட்ட மண் கம்மல், நூல் பின்னிய பை, காகிதம் சுருட்டிச் செய்த வாழ்த்து அட்டை. கடையில் ஆயிரம் சொல்கிற பொருளை இருநூற்றுக்கும் முந்நூற்றுக்கும் கொடுத்தார்கள். பார்சலுக்குள் தம் பெயரைப் பேனாவால் எழுதி வைத்தார்கள். கோகிலவாணி அதுவரை வாங்கிய எந்தப் பொருளையும் யார் செய்தார்கள் என்று யோசித்ததில்லை. கிருஷ்ணகிரியில் இருக்கிற அன்பு என்கிற பெண்மணியிடமிருந்து, ஊற்றினால் கண்ணாடி போல இறுகிவிடும் ரெசின் என்கிற பசைக்குள் ஒரு நித்தியகல்யாணிப் பூ படுத்திருக்கும் சிறிய அட்டை ஒன்று வாங்கினாள். அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்தே அந்த ஆறு மாதத்தை ஓட்டினாள். எழுந்து உட்கார முடிந்ததும் அதே அன்பு மேடம் போனில் நடத்திய மூன்று நாள் வகுப்பில் சேர்ந்தாள்.

இப்படித்தான் 'கோகிலா கைவேலை, பாலக்கோடு' என்கிற பக்கம் தொடங்கியது. கல்யாண மாலையின் பூக்கள், பிள்ளைக்கு முதல் மொட்டை போட்ட முடி, விழுந்த பால் பல், காய்ந்து உதிர்ந்த தொப்புள்கொடி, இவற்றை ரெசினுக்குள் வைத்து டாலராகவோ சாவிக்கொத்தாகவோ செய்து கொடுப்பாள். விலை மற்றவர்களைவிடக் குறைவு. வேலை சுத்தம். ரெசினில் ஒரு குமிழ் இருந்தாலும் மறுபடி ஊற்றுவாள்.

தொப்புள்கொடி என்றதும் தெருவில் முகம் சுளித்தார்கள். அவள் முகம் சுளித்தது வேறு விஷயங்களுக்கு. ஒருத்தி கல்யாண மாலையை ஈரத்தோடு பாலித்தீன் பையில் கட்டி அனுப்பினாள். வந்தது மாலை இல்லை, கூழ். "உங்களுக்குப் பத்திரமா பிரிக்கத் தெரியலையா?" என்று அவளே கேட்டாள். ஒருவன் பெண்டாட்டி தூங்கும்போது அவள் சடையில் பாதியை வெட்டி, கல்யாண நாளுக்குத் திடீர்ப் பரிசு என்று அனுப்பியிருந்தான். திருப்பி அனுப்பினாள். பெங்களூரிலிருந்து ஒரு பெண் தாய்ப்பாலை உறையவைத்து மோதிரக் கல் மாதிரி செய்யச் சொன்னாள். செய்யலாம் என்றதும், "எனக்குப் பால் அனுப்ப டைம் இல்லைக்கா, நீங்களே பசும்பால் வெச்சுப் பண்ணிடுங்க. கலரு ஒண்ணுதானே, போட்டோவுக்குத்தான்" என்றாள். கோகிலவாணி போனை வைத்தாள்.

காரிமங்கலம் பக்கமிருந்து ஷைனி வந்தது ஒரு புதன்கிழமை. பைக்கில் வீட்டுக்காரர் மரிய ஆனந்தின் பின்னால் உட்கார்ந்து வந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். ஜெபமாலை வைக்கிற சிறிய வட்டப் பெட்டியை மேசை மேல் வைத்தாள். உள்ளே, புண்ணுக்குக் கட்டுகிற காஸ் துணியில் சுற்றிய கொடித்துண்டு. ஆஸ்பத்திரியில் போட்ட பிளாஸ்டிக் கிளிப் இன்னும் கவ்விக்கொண்டிருந்தது.

"கொழந்த எப்படி இருக்குது?" என்று கோகிலவாணி வழக்கமாக எல்லோரிடமும் கேட்கிறதைக் கேட்டாள்.

"இல்லைங்கக்கா" என்றாள் ஷைனி.

மரிய ஆனந்த் வாசலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். குழந்தை ஆஸ்பத்திரியின் கண்ணாடிப் பெட்டிக்குள் மூன்று நாள் உயிரோடு இருந்திருக்கிறது. ஷைனி ஒரே ஒருமுறை, கையுறை போட்ட விரலால் உள்ளங்காலைத் தொட்டிருக்கிறாள். புகைப்படம் எடுக்க விடவில்லை. புதைக்கும்போது சுற்றியிருந்த துணியையும் சேர்த்தே புதைத்துவிட்டார்கள். மிச்சம் இந்தத் துண்டுதான்.

"புளியங்கொட்ட அளவுக்குச் செஞ்சு குடுங்க போதும். ஜெபமாலையில கோத்துக்குவேன். யாருக்கும் தெரிய வேணாம், எனக்குத் தெரிஞ்சா போதும். ஞாயித்துக்கெழம அவனுக்குப் பூசை சொல்லியிருக்கறோம், அதுக்குள்ள வேணும்." காஸ் துணியை மூடிக்கொண்டே, "அந்தக் கிளிப்ப மட்டும் எடுத்துடுங்க. பார்க்க முடியல" என்றாள்.

கோகிலவாணி கிளிப்பை ஒட்டினாற்போல நறுக்கி எடுத்துக் குப்பையில் போட்டாள். துண்டை நன்றாகப் பார்க்கவில்லை. பதினாறு வருடம் பார்த்ததுதானே என்று சொல்லிக்கொண்டாள். அவள் செய்த முதல் தப்பு அது.

இரண்டாவது தப்பு கிண்ணம்.

கொடி கொஞ்சம் ஈரமாக இருந்தாலும் ரெசினுக்குள் பூஞ்சை பூத்துப் போகும். சிலிக்கா ஜெல் என்கிற, ஈரத்தை உறிஞ்சுகிற நீலக் கல்லுப்பு மாதிரியான சாமானில் புதைத்து இரண்டு நாள் வைக்க வேண்டும். பிளாஸ்டிக் டப்பாக்கள் எல்லாம் மாலைப் பூக்களால் நிறைந்திருந்தன. அதே நாள் பென்னாகரத்திலிருந்து இன்னொரு கொடி கூரியரில் வந்திருந்தது. இது உயிரோடு, கொழுகொழுவென்று இருக்கிற பிள்ளையுடையது. அலமாரியில் இரண்டு எவர்சில்வர் கிண்ணங்கள் கண்ணில் பட்டன.

அவை அவளுடையவை இல்லை. ஒரே காம்பவுண்டில் எதிர் வீட்டில் இருக்கிற மூத்த ஓரகத்தி மாதம்மாளுடையவை. பொங்கலுக்குப் பாயசம் வந்த கிண்ணங்கள். வெறுங்கிண்ணமாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாதே, ஏதாவது செய்து போட்டுக் கொடுக்கலாம் என்று இருந்ததில் மூன்று மாதம் ஓடிவிட்டது. கல்யாணச் சீராக வந்த பன்னிரண்டு கிண்ணங்களில் ஆறில் மாதம்மாளின் பெயரும் ஆறில் அவள் வீட்டுக்காரர் அர்ச்சுனனின் பெயரும் புள்ளி புள்ளியாகப் பொறித்திருக்கும். இவளிடம் இருந்தவை பெயருக்கு ஒன்று.

ஒட்டுகிற லேபிள் ஸ்பிரிட் பட்டால் அழிந்துவிடுகிறது. பொறித்த பெயர் அழியாது. சந்தோஷமாக நோட்டில் எழுதினாள்: 'மாதம்மாள் கிண்ணம் – ஷைனி. அர்ச்சுனன் கிண்ணம் – பென்னாகரம்.' ஆஸ்பத்திரியில் பிள்ளையின் காலில் பெயர்ப் பட்டை கட்டாமல் தொட்டிலில் போட்ட ஒரு நர்ஸை ஒருகாலத்தில் இவளே வார்டு அதிர ஏசியிருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை காலையில் ரெசின் வாங்கத் தருமபுரிக்குப் பஸ் ஏறினாள். சாவியை வழக்கம்போல மாதம்மாளிடம் கொடுத்தாள். திரும்பும்போது மணி நாலு. காம்பவுண்டு வாசலில் இருந்து ஒரு வேன் கிளம்பிக்கொண்டிருந்தது. மாதம்மாள் பட்டுப்புடவையில் நின்று கையாட்டிக்கொண்டிருந்தாள்.

"கோகிலா, வாடி வாடி! அடுத்த வாரம் வர்றோம்னவங்க இன்னைக்கே வந்துட்டாங்க, பொண்ணு பாக்க. பத்துப் பன்னெண்டு பேரு. எல்லாருக்கும் புடிச்சிப் போச்சு. இந்தா, நீயும் இனிப்பு தின்னு."

கையில் திணித்தாள். கேசரி. சூடு இன்னும் அடங்கவில்லை. நெய் ஓரத்தில் மினுங்கியது. கிண்ணத்தின் வெளிப்பக்கத்தில் புள்ளி புள்ளியாக எழுத்து. மாதம்மாள்.

அந்தப் பெயர் இன்னும் ஐந்து கிண்ணத்தில் இருக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டு, "அக்கா, எங்க வூட்டத் தொறந்தீங்களா?" என்றாள்.

"ஆமா, ரெண்டு கிண்ணம் கொறஞ்சது. உங்கிட்டதான் கெடக்குதுன்னு ஞாபகம் வந்துச்சு. எறும்பு மருந்தாட்டம் நீலமா ஏதோ போட்டு வெச்சிருந்த. ஒரு பேப்பர்ல கொட்டி மேசை மேலயே வெச்சிட்டேன், ஒண்ணும் வீணாவல."

"நல்லா கழுவினீங்களா?"

முதலில் வாயில் வந்த கேள்வி அதுதான். வார்டில் பழகின புத்தி.

"என்னடி கேள்வி இது? தண்ணியில அலசினேன். ஏன்?"

சொல்லாமல் இருக்கலாமா என்று ஒரு நொடி தோன்றியது. மாதம்மாள் தன் கையில் இருந்த கிண்ணத்திலிருந்து இன்னொரு வாய் அள்ளினாள். அதில் அர்ச்சுனன் பெயர் இருந்தது. கோகிலவாணி அவள் கையைப் பிடித்துத் தடுத்துச் சொல்லிவிட்டாள்.

மாதம்மாள் வாயில் இருந்ததை அங்கேயே துப்பினாள். துணி துவைக்கிற கல்லுக்கு ஓடிப் போய் வாந்தியெடுத்தாள். பட்டுப்புடவையின் முந்தானையால் நாக்கை வழித்துத் துடைத்தாள்.

"ஐயோ, மாப்பிள்ள தின்னாரே! அவங்கம்மா ரெண்டாந்தரம் கேட்டு வாங்கித் தின்னுச்சே!"

"அக்கா, அது காஞ்சது. அதனால ஒண்ணும் வராது. அந்த நீலக் கல்லுதான் வயித்துக்குள்ள போவக் கூடாது. அலசிட்டேன்னு சொல்றீங்க…"

"போடி, நீயும் உன் நர்ஸு வேலையும்! எவ கொடிடி அது?"

"ஒண்ணு பென்னாகரத்துப் புள்ள. இன்னொண்ணு…" கோகிலவாணிக்குப் பொய் சொல்ல வரவில்லை. "அந்தக் கொழந்த இப்ப உசுரோட இல்ல."

மாதம்மாளின் முகத்தில் அருவருப்பு போய் வேறொன்று வந்தது. குரல் தாழ்ந்தது.

"செத்த கொழந்தையோட கொடிய, எங்க பேரு பொறிச்ச கிண்ணத்துல போட்டு வெச்சிருக்கற. ஏண்டி, எனக்குச் செய்வினை வெக்கறயா? எம்மவளுக்கு வரன் வர்ற நேரம் பாத்து?"

"அக்கா!"

"அக்கா இல்ல ஆத்தா! கொடியும் முடியும் வெச்சு என்னென்ன பண்ணுவாங்கன்னு எங்களுக்குத் தெரியாதா? பெத்தவ சொந்த நாத்தனாருகிட்டகூட குடுக்க மாட்டா. நீ என்னமோ ஊரு பூரா தபால்ல வரவெக்கற!" கோகிலவாணி கையில் இருந்ததையும் பிடுங்கி, இரண்டு கிண்ணத்தையும் அவள் வாசல் பக்கம் வீசினாள். கேசரி மண்ணில் சிதறியது. "இதப் பத்தி வெளிய வாயத் தொறந்த, வரன் போச்சுன்னா உன்ன உண்டு இல்லைன்னு ஆக்கிடுவேன்."

கோகிலவாணி குனிய முடியாத இடுப்போடு உட்கார்ந்து கிண்ணங்களைப் பொறுக்கினாள். மாதம்மாளின் கோபம் அவளுக்கு உறைக்கவே இல்லை. மேசை மேல் மடித்து வைத்திருந்த பேப்பர்தான் மனதில் நின்றது.

பிரித்துப் பார்த்தாள். நீலக் கல்லுக்கு நடுவில் இரண்டு கறுப்புத் துண்டுகள், பக்கத்தில் பக்கத்தில். கருகிப்போன மிளகாய்க் காம்பு மாதிரி. அளவும் ஏறக்குறைய ஒன்று. எது மூன்று நாள் இருந்த பிள்ளை, எது பென்னாகரத்தில் பால் குடித்துக்கொண்டிருக்கிற பிள்ளை?

குமார் வந்து எட்டிப் பார்த்தார். விஷயத்தைக் கேட்டு, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டே, "இதுக்கா இப்படி இடி விழுந்தாப்ல ஒக்காந்திருக்கற? ஆளுக்கு ஒண்ணு வெச்சுக் குடு. அவங்களுக்கு என்ன தெரியப் போவுது?" என்றார்.

"செத்த கொழந்தைதுன்னு சொல்லி உசுரோட இருக்கற கொழந்தையோடதக் குடுக்கறதா?"

"அவங்களுக்குத் தெரிஞ்சாதானே?"

"உங்களுக்கும் எனக்கும் தெரியுமே."

"எனக்கு ஒண்ணும் தெரியாது" என்று அவர் குளிக்கப் போய்விட்டார். இருபத்திரண்டு வருடமாக அவர் முதுகுக்கு இவள் தண்ணீர் ஊற்றுகிறாள். அன்றைக்குக் கூப்பிட்டபோது போகவில்லை.

அன்பு மேடத்துக்குப் போன் போட்டாள். கற்றுக் கொடுத்தவள், இருநூறு முந்நூறு கொடி செய்தவள், கொடியைப் பார்த்துப் பிரித்தறிய அவளுக்கு ஏதாவது வழி தெரிந்திருக்கும். அடுத்த மாதம் தருமபுரியில் கைவினைக் கண்காட்சியில் இருவரும் சேர்ந்து ஒரே ஸ்டால் போடுவதாகவும் பேச்சு.

அன்பு முழுதும் கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"இதுக்கா கோகிலா இவ்ளோ டென்ஷன்? ரெண்டையும் தூக்கிப் போடுங்க. வூட்ல சுக்கு இருக்குதுல்ல?"

"சுக்கா?"

"சுக்கத் துண்டு போட்டு, சின்னதா சீவி, காப்பித்தூள் தண்ணியில ஒரு நாள் ஊறவெச்சுக் காயவெச்சா அச்சு அசலா கொடிதான். எங்கிட்ட வர்றதுல பாதி பூஞ்ச புடிச்சுதாங்க வருது. அதையெல்லாம் போட்டா ரெசின் கெட்டுப் போவும், அப்பறம் திருப்பிக் கேப்பாங்க. நான் மூணு வருஷமா இப்படித்தான் பண்றேன். ஒரு தாய்கூட கண்டுபுடிச்சதில்ல."

"அவங்க அனுப்புற கொடிய என்ன பண்ணுவீங்க?"

"குப்பைவண்டிதான். வேற என்ன பண்றது? அவங்களுக்கு வேண்டியது ஒரு நிம்மதி. அது கெடைக்குதா இல்லையா?"

கோகிலவாணி போனை வைத்துவிட்டு அன்புவின் பக்கத்தைத் திறந்தாள். இத்தனை நாளும் ஆசையாகப் பார்த்த படங்கள். விரலால் பெரிதாக்கினாள். டாலருக்கு டாலர் அதே வளைவு; ஓரத்தில் மெல்லிசான நார் நீட்டிக்கொண்டிருந்தது. தினமும் டீயில் தட்டிப் போடுகிற நார். கீழே தாய்மார்கள் எழுதியிருந்தார்கள்: என் பொக்கிஷம், என் உயிர். ஒவ்வொன்றுக்கும் அன்பு இதயம் போட்டிருந்தாள்.

எழுந்து போய் ஜன்னலோரம் இருந்த நித்தியகல்யாணி அட்டையை எடுத்தாள். அவள் சொந்தமாகச் செய்கிற பூக்கள் ஆறு மாதத்தில் லேசாகப் பழுப்பேறும். அது இயற்கை, வாங்குகிறவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவாள். இது நாலு வருடமாக அன்று பறித்த ரோஸ் நிறத்திலேயே இருந்தது. ஏன் என்று ஒருநாளும் கேட்டுக்கொள்ளவில்லை. கல்லின் மேல் வைத்து அம்மிக்குழவியால் ஒரு போடு போட்டாள். ரெசின் பிளந்தது. பூவைப் பிடித்து இழுத்தாள். துணி. நுனியில் பிசிர் கூட வெட்டாத துணி.

பதினாறு வருட வார்டு வேலையில் வராத குமட்டல் அப்போது வந்தது. படுத்துக் கிடந்த ஆறு மாதமும் இதைப் பார்த்துத்தான் மனதைப் பிடித்து வைத்திருந்தாள்.

வாயைக் கொப்பளித்துவிட்டு மேசைக்கு வந்தாள். டேபிள் லைட்டைக் கீழே இறக்கி, பூதக்கண்ணாடியில் ஒவ்வொரு துண்டாகப் பார்த்தாள். புதன்கிழமையே பார்த்திருக்க வேண்டியது. கிளிப் பக்கம் இரண்டும் அவளே நறுக்கியவை, ஒன்றுபோல இருந்தன. மறுபக்கம்தான், வயிற்றோடு ஒட்டியிருந்த பக்கம், வேறுவேறு. ஒன்றில் குழிவாக, சுருங்கி, காம்பைவிட்டுத் தானாகக் கழன்ற தக்காளிப் பழத்தின் தலை மாதிரி. மற்றதில் நேர்க்கோடு. கத்திரிக்கோல் பட்ட வெட்டு.

செத்த பிள்ளையின் கொடி தானாக விழாது. யாராவது வெட்டித்தான் கொடுத்திருக்க வேண்டும். அப்படியானால் இது ஷைனியுடையது.

ஆனால் தொங்கிக்கொண்டிருக்கிற கொடியைப் பொறுமையில்லாமல் கத்தரித்துவிடுகிற பெரியவர்களையும் அவள் பார்த்திருக்கிறாள். உயிரோடிருக்கிற பிள்ளைக்கே. கொடி தானாக விழுந்ததா என்று கேட்கப் பென்னாகரத்துக்குப் போன் போட்டாள்.

"தெரியலீங்களே அக்கா. என் மாமியாதான் எடுத்து முடிஞ்சு வெச்சாங்க. அவங்களுக்குத் தெரியாமதான் உங்களுக்கு அனுப்பினேன். கேட்டா என்னக் கொன்னுடுவாங்க" என்றாள் அந்தப் பெண்.

"அதான் கண்டுபுடிச்சிட்டல்ல?" என்றார் குமார், தலையைத் துவட்டிக்கொண்டே. "அப்பறம் எதுக்கு அந்தப் புள்ளைகிட்ட போயி உளறணும்? ஊருக்கெல்லாம் தெரிஞ்சா ஒருத்தரும் உங்கிட்ட குடுக்க மாட்டாங்க."

அது நிஜம். முக்கால்வாசி நிச்சயம், மீதிக் கால்வாசியை முழுங்கிவிட்டால் வேலை முடிந்தது. ஷைனி ஜெபமாலையில் கோத்துக்கொள்வாள். அந்தக் கால்வாசிக்கும் சுக்குக்கும் என்ன வித்தியாசம் என்று கோகிலவாணி யோசித்தாள். மோந்து பார்த்தால் சுக்கு வாசனை மட்டும் இருக்காது.

சனிக்கிழமை காலையில் ஷைனியும் மரிய ஆனந்தும் செய்ததை வாங்கிப் போக வந்தபோது, இரண்டு துண்டுகளும் ஒரு தட்டில், மேலே துணி மூடி, மேசை மேல் இருந்தன. கோகிலவாணி நாற்காலியைக் காட்டினாள். உட்காரவிட்டு, நடந்ததைச் சொன்னாள். கிண்ணம், கேசரி, பேப்பர், எதையும் விடவில்லை. குறைக்கவும் இல்லை, மன்னிப்பு என்று இழுக்கவும் இல்லை.

மரிய ஆனந்த் எழுந்துவிட்டார்.

"உங்களுக்கு வெக்கமா இல்லைங்களா? எங்களுக்கு இருக்கறதே அது ஒண்ணு. பொங்கல் கிண்ணத்துலயா போட்டு வெச்சீங்க? ஒரு டப்பா இல்லையா உங்க வூட்ல?"

"என் தப்புதாங்க."

"தப்புன்னா சரியாப் போச்சா? ஷைனி, எந்திரி."

ஷைனி எழுந்திருக்கவில்லை. துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு கேக்கணும்" என்றாள் கோகிலவாணி. "கேட்டுட்டுத்தான் தொறப்பேன். அந்தக் கொடி உங்க கைக்கு எப்படி வந்துச்சு?"

மரிய ஆனந்துக்குத் தெரியவில்லை. அவர் அப்போது சவப்பெட்டி சொல்லப் போயிருந்தார். ஷைனிதான் சொல்ல வேண்டியிருந்தது. வாசலில் மாதம்மாள் வேண்டுமென்றே சத்தமாகப் பெருக்குகிற ஓசை கேட்டது.

"சிஸ்டர் ஒருத்தங்க கேட்டாங்க. ஏதாச்சும் வெச்சிக்கறயாம்மான்னு. சுத்தி எல்லாத்தையும் கழட்டிக்கிட்டிருந்தாங்க. எனக்கு என்ன கேக்கறதுன்னு தெரியல. அவங்களே கத்திரிக்கோல எடுத்தாங்க. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கினேன். சத்தம் கேட்டுச்சுக்கா. நறுக்குன்னு. அந்தச் சத்தம் இன்னும் கேக்குது."

கோகிலவாணி துணியை எடுத்தாள். நேர்க்கோடாக வெட்டுப்பட்ட துண்டை இடுக்கியால் தூக்கி வெள்ளைக் காகிதத்தில் வைத்து, பூதக்கண்ணாடியைக் கொடுத்தாள். ஷைனி பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். பிறகு தட்டில் இருந்த மற்றதைக் காட்டினாள்.

"இது தானா உளுந்ததா?"

"ஆமா."

"தானா உளுவ எத்தன நாளாவும்?"

"ஏழு, எட்டு. சிலதுக்குப் பத்து."

ஷைனி தலையை ஆட்டினாள்.

"இப்பவே ஊத்துங்க. நான் பாத்துக்கினே இருக்கறேன்" என்றாள்.

"அஞ்சு மணி நேரத்துக்கு ஆட்டக் கூடாது. முழுசா இறுக நாளைக்குக் காலைல ஆயிடும்."

"அஞ்சு மணி நேரம் ஒக்காந்திருக்கறேன். அப்பறம் அச்சோட எடுத்துக்கினு போறேன். இங்க விட்டுட்டுப் போவ மாட்டேன்."

அவள் சொன்னதில் திட்டு இல்லை. ஆனால் திட்டைவிட நன்றாகத் தைத்தது. அது நியாயம்தான் என்று கோகிலவாணி கையுறையை மாட்டினாள். ரெசினின் இரண்டு திரவத்தையும் அளந்து, குமிழ் வராமல் மெதுவாகக் கலக்கினாள். புளியங்கொட்டை அளவு அச்சில் பாதி ஊற்றி, துண்டைப் படுக்கவைத்து, மீதியை ஊற்றினாள். ஊசி முனையால் ஒரே ஒரு குமிழைக் குத்தி எடுத்தாள். அந்த நேரம் முழுக்க ஷைனியின் கண் இவள் கையைவிட்டு அசையவில்லை.

மரிய ஆனந்த் வெளியே போய்ப் பைக்கில் உட்கார்ந்தார். ஷைனி நாற்காலியை மேசைக்கு அருகில் இழுத்துப் போட்டு, மூடி வைத்த கண்ணாடி வழியாக அச்சைப் பார்த்தபடியே இருந்தாள். மதியம் சோறு கொடுத்தபோது இருவரும் வேண்டாம் என்றார்கள். கோகிலவாணி வற்புறுத்தவில்லை, தானும் உண்ணாமல் பாசாங்கு பண்ணவும் இல்லை. அடுப்படியில் போய்ச் சாப்பிட்டு வந்தாள். கொடுத்த முன்பணத்தைத் திருப்பி நீட்டியபோது ஷைனி வாங்கிக்கொண்டாள்.

மூன்று மணிக்கு அச்சை ஒரு சோப்பு டப்பாவில் பஞ்சு வைத்து இறுக்கிக் கொடுத்தாள். ஷைனி அதைப் பையில் போடவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பைக்கில் ஏறினாள். மரிய ஆனந்த் வேகத்தடையில் கால் ஊன்றி ஊன்றி மெதுவாக ஓட்டிப் போனார்.

அவர்கள் தெருமுனை திரும்பியதும் கோகிலவாணி கிருஷ்ணகிரிக்குப் போன் போட்டாள்.

"மேடம், உங்க ஸ்டாலுக்கு நான் வரல."

"ஏன் கோகிலா? என்னாச்சு?"

"சுக்கு விக்கறவங்க காரிமங்கலம் சந்தையில ஒக்காரணும். கண்காட்சியில என்ன வேல?"

அன்பு ஏதோ கத்தினாள். இவள் வைத்துவிட்டாள். தன் பக்கத்தில் 'அன்பு மேடத்தின் மாணவி' என்று நாலு வருடமாக இருந்த வரியை அழித்தாள். இனிமேல் யாரும் வந்து முன்னால் உட்கார்ந்து பார்க்கலாம், இல்லையென்றால் ஊற்றுவதை வீடியோ எடுத்து அனுப்புவேன், தாமதமாகும், அவசரம் என்றால் வேறிடம் பாருங்கள் என்று எழுதிப் போட்டாள். அந்த வாரமே நாலு பேர் வேறிடம் பார்த்தார்கள்.

ஷைனி பிறகு போன் செய்யவில்லை. இவளும் செய்யவில்லை.

மாதம்மாளின் மகளுக்கு வைகாசியில் நாள் குறித்தார்கள். கேசரி அருமை என்று மாப்பிள்ளையின் அம்மா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாளாம். மாதம்மாள் இரண்டு கிண்ணத்தையும் திரும்பக் கேட்கவே இல்லை. கோகிலவாணி அவற்றை இருபது நிமிடம் கொதிக்கவைத்து, இன்னும் புதிதாகப் பத்துக் கிண்ணம் வாங்கிக்கொண்டு, பாத்திரக் கடையில் பெயர் பொறிக்கிறவரிடம் போனாள். அவர் கருவியைத் தட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"என்ன பேருங்கம்மா போடணும்? சீர்வரிசையா?"

"பேரு வேணாம். நம்பரு போடுங்க. ஒண்ணுல இருந்து பன்னெண்டு வரைக்கும்."

"இந்த ரெண்டுல ஏற்கெனவே பேரு இருக்குதுங்களே?"

"அது மேலயே போடுங்க" என்றாள் கோகிலவாணி. "பேரு தெரியாத அளவுக்குப் பெருசா."